தேரடியா, மண்டபமா, பள்ளி மைதானமா: டேப்பை எடுத்துக்கொண்டு அளந்து பார்த்த கதை

எங்கள் ஊர் மன்றத்தின் காணும் பொங்கல் விழா எப்போதும் கோயில் தேரடியில்தான் நடக்கும். ஊர் மன்னார்குடிப் பக்கம். சின்ன ஊர்தான், ஆனால் அன்றைக்கு மட்டும் சுற்றுவட்டாரமே வந்துவிடும். பிள்ளைகள் நடனம், பட்டிமன்றம், கடைசியில் பாட்டுக் கச்சேரி. 2025 தையில் நடந்த விழாவில் இரவு ஒன்பதரைக்குக் கரண்ட் போனது. ஜெனரேட்டர் எடுக்க நாலைந்து நிமிடம் ஆனது. அந்த இருட்டில் யாரோ "வயரு அறுந்து கெடக்கு" என்று கத்த, முன்வரிசை அப்படியே திரும்ப, பின்னால் நின்றவர்கள் என்ன ஏதென்று தெரியாமல் முன்னால் நெருக்க, ஒரு அத்தை சாக்கடையில் கால் வைத்து விழுந்து கணுக்கால் உடைந்தது. இரண்டு பிள்ளைகளை அரை மணி நேரம் தேடினோம். வயர் எதுவும் அறுந்திருக்கவில்லை. விளக்கு வந்ததும் கச்சேரி தொடர்ந்தது, நாங்களும் அத்தைக்கு ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்துவிட்டு மறந்துபோனோம்.

2025 செப்டம்பர் 27 அன்று கரூர் வேலுசாமிபுரத்தில் ஓர் அரசியல் கூட்டத்தின் நெரிசலில் 41 பேர் இறந்தபோதுதான் அது திரும்ப நினைவுக்கு வந்தது. மறுநாள் காலை மன்றத்தின் வாட்ஸ்அப் குழுவில் எங்கள் பொருளாளர் ஒரே ஒரு வரி போட்டார்: "நம்ம தேரடி எத்தனை அடி அகலம்?" வருஷா வருஷம் அங்கேயே விழா நடத்துகிற மன்றத்தில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை.

அதன்பிறகு மூன்று வாரம் இடச்சண்டை. பெரியவர்கள் தேரடியை விட மாட்டேன் என்கிறார்கள். வெளியூரில் வேலை பார்க்கும் பையன்களுக்கு பைபாஸில் புதிதாக வந்திருக்கும் ஏசி கல்யாண மண்டபம்தான் வேண்டும். நாலைந்து பேர் மட்டும் அரசு மேல்நிலைப் பள்ளி மைதானம் என்றார்கள். உண்மையைச் சொன்னால் ஆரம்பத்தில் நானும் மண்டபக் கட்சிதான். மழை இல்லை, பனி இல்லை, கதவு இருக்கிறது, கழிப்பறை இருக்கிறது, வேறென்ன வேண்டும் என்று நினைத்தேன். டேப்பைப் பிடித்து அளந்த பிறகு மாறிவிட்டேன். எப்படி மாறினேன் என்பதைத்தான் எழுதுகிறேன், உங்கள் ஊரில் இதே சண்டை நடந்துகொண்டிருந்தால் உதவலாம்.

அளப்பதற்கு முன் இரண்டு கணக்குகள் தெரிந்திருக்க வேண்டும், பெரிய கணிதம் ஒன்றுமில்லை.

முதலாவது, நெரிசல். ஒரு சதுர மீட்டர் என்பது கேரம் போர்டைவிடக் கொஞ்சம் பெரிய இடம். அதில் இரண்டு பேர் நின்றால் தாராளம். நாலு பேர் என்றால் தோளோடு தோள் உரசும், அதுவரைகூடச் சமாளிக்கலாம். ஐந்தைத் தாண்டினால் நீங்கள் நினைத்த பக்கம் நகர முடியாது. ஆறு, ஏழு என்று போனால் கூட்டம் மனிதர்கள் மாதிரி நடந்துகொள்ளாது, தண்ணீர் மாதிரி அலையடிக்கும், ஒரு ஓரத்தில் கொடுத்த தள்ளு இன்னொரு ஓரத்தில் போய் விழும். மிதிபட்டுத்தான் சாகிறார்கள் என்று பேப்பரில் படித்துப் பழகிவிட்டோம், ஆனால் இப்படிப்பட்ட இடங்களில் பலர் நின்றபடியே, நெஞ்சு விரிய இடமில்லாமல், மூச்சு முட்டித்தான் போகிறார்கள். அந்த நிலைக்கு வந்தபிறகு "தள்ளாதீங்க" என்று மைக்கில் சொல்லிப் பயனில்லை. தள்ளுகிறவர் யாருமே அங்கே இல்லை, எல்லோரும் தள்ளப்படுகிறவர்கள்தான்.

இரண்டாவது, வாசல். 1971-ல் ஸ்காட்லாந்தின் ஐப்ராக்ஸ் மைதானத்தில் ஆட்டம் முடிந்து திரும்பிய கூட்டம் படிக்கட்டில் விழுந்து 66 பேர் இறந்தார்கள். அதன்பின் பிரிட்டனில் விளையாட்டரங்குகளுக்கு என்று ஒரு வழிகாட்டி போட்டார்கள், 'கிரீன் கைடு' என்பது அதன் செல்லப்பெயர். அதில் உள்ள கணக்கு இது: சமதரையில் ஒரு மீட்டர் அகல வழியில் நிமிடத்துக்கு 82 பேர் வெளியேறலாம், படிக்கட்டு என்றால் 66 பேர். முன்பு சமதரைக்கு 109 என்று வைத்திருந்தார்கள், பிறகு குறைத்தார்கள். ஆபத்து நேரத்தில் எவ்வளவு நேரத்துக்குள் வெளியேற்ற வேண்டும் என்பது தீ எவ்வளவு வேகமாகப் பரவும் இடம் என்பதைப் பொறுத்தது, இரண்டரை நிமிடத்திலிருந்து அதிகபட்சம் எட்டு நிமிடம் வரை. இது நம் ஊர்ச் சட்டம் அல்ல, நான் பொறியாளரும் அல்ல. ஆனால் "பாத்துக்கலாம்" என்பதைவிட இந்தக் கணக்கு எவ்வளவோ மேல்.

சரி, தேரடிக்கு வருவோம்.

தெருவின் அகலம் 9 மீட்டர். இருபுறமும் சாக்கடை, கடைகளின் படி, முன்னால் இழுத்துவிட்ட தகரக் கொட்டகை எல்லாம் கழித்தால் நிற்க மிஞ்சுவது 7 மீட்டர். மேடை தெரிகிற தூரம் 70 மீட்டர். ஆக 490 சதுர மீட்டர். போன முறை வந்த கூட்டம் சுமார் 2,500 என்று எங்களுக்குள் ஒரு மதிப்பு உண்டு (நாற்காலிக்காரர் கணக்கு, சுண்டல் பொட்டலக் கணக்கு, இரண்டையும் வைத்து). வகுத்துப் பாருங்கள், சதுர மீட்டருக்கு ஐந்து பேர். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் இல்லை, வருவதும் போவதுமாக இருந்தார்கள், அதனால்தான் தப்பித்தோம். பாட்டுக் கச்சேரி தொடங்குகிற நேரத்தில் முன்பாதியில் ஆறைத் தொட்டிருக்கும் என்றே இப்போது நினைக்கிறேன். அந்த அத்தை விழுந்தது விபத்து என்று அன்றைக்கு நினைத்தோம். இந்தக் கணக்கைப் போட்ட பிறகு எனக்கு அது முன்னறிவிப்பாகப் படுகிறது.

தெருவுக்கு இன்னொரு குணம் உண்டு. அதற்குக் கதவு கிடையாது. கதவு இல்லாததால் பாதுகாப்பு என்றுதான் பெரியவர்கள் வாதாடினார்கள், "எந்தப் பக்கம் வேணும்னாலும் ஓடலாமே தம்பி" என்று. ஓட முடியாது. ஒரு முனையில் மேடை. மறுமுனையில் பைக்குகள், பானிபூரி வண்டி, பலூன்காரர். நடுவே இரண்டு சந்துகள், ஒவ்வொன்றும் ஒன்றரை மீட்டர், ஒன்றில் மாடு கட்டியிருக்கும். கதவு இல்லை என்பதற்கு நிஜமான அர்த்தம் வேறு: கூட்டம் நிரம்பிவிட்டது, இனிமேல் வராதீர்கள் என்று சொல்ல இடமில்லை. கரூரிலும் சாலைதான். பகலிலிருந்தே காத்துக் கிடந்த கூட்டத்தோடு மேலும் மேலும் வந்து சேர்ந்த கூட்டம், அனுமதி கேட்டபோது சொன்ன எண்ணிக்கையை வெகுவாகத் தாண்டியது. நாம் போடும் கடிதத்தில் ஒரு எண் இருக்கும், தெருவுக்கு அந்த எண் தெரியாது.

அப்புறம் கம்பி. தேரடிக்குக் குறுக்கே மின்கம்பி போகிறது. 2022 ஏப்ரல் 27 அதிகாலை தஞ்சாவூர் பக்கம் களிமேட்டில் சப்பரம் உயர் அழுத்த மின்கம்பியில் உரசி 11 பேர் இறந்தது எங்கள் பகுதியில் எல்லோருக்கும் தெரியும், இருந்தும் போன வருஷம் அதே கம்பிக்குக் கீழேதான் இரும்புக் குழாயில் அலங்கார வளைவு நிறுத்தினோம். பந்தலோ வளைவோ கரண்ட் ஓடுகிற மின்கம்பிக்குக் கீழே போடக் கூடாது என்பது தற்காலிகப் பந்தல்களுக்கான இந்தியத் தரநிலையிலேயே இருக்கிற விதி. தேரடியில் அந்த விதியைக் காப்பாற்றினால் மேடை போட இடமே கிடைக்காது.

ஆம்புலன்ஸ் பற்றிச் சொல்லவே வேண்டாம். 108-க்குச் சொன்னால் தெருமுனை வரை வரும். அங்கிருந்து தூக்கிக்கொண்டு ஓட வேண்டியது நம் வேலை. தீயணைப்பு வண்டிக்கும் அதே கதை.

அடுத்து மண்டபம். என் பழைய காதல். வாடகை, கரண்ட், கிளீனிங் என்று ஒன்றேகால் லட்சம் கேட்டார்கள். விழா நடக்கிற ஹால் மாடியில், சாப்பாட்டுக் கூடம் கீழே. வாசலில் கொட்டை எழுத்தில் 1,000 இருக்கைகள் என்று போர்டு. முன்பக்கப் படிக்கட்டு அகலம் ஒன்றரை மீட்டர். இன்னொரு வழி இல்லையா என்று கேட்டதும் மேனேஜர் தம்பி பெருமையாகக் கூட்டிப்போய்ப் பின்பக்கப் படிக்கட்டைக் காட்டினார். இருக்கிறது, 1.2 மீட்டர். அதன் நடுத்தட்டில் மடக்கு மேசைகளும் சமையல் அண்டாக்களும் அடுக்கியிருந்தன, கீழே போய்ச் சேர்வது சமையலறைக்குள். அங்கிருந்துதான் வெளியே போக வேண்டும். தீ பிடிக்கிற வாய்ப்பு அந்தக் கட்டடத்திலேயே அதிகம் உள்ள அறைக்குள்தான் தப்பிக்கிற வழி இறங்குகிறது. நான் எதுவும் சொல்லவில்லை, அளந்து குறித்துக்கொண்டு வந்தேன்.

கணக்கு: இரண்டு படிக்கட்டும் முழுசாகத் திறந்திருந்தால் 2.7 மீட்டர், நிமிடத்துக்கு 178 பேர். ஆயிரம் பேர் இறங்க ஐந்தரை நிமிடத்துக்கு மேல். முன்படிக்கட்டு மட்டும் என்றால் பத்து நிமிடம். மேடைக்குப் பின்னால் துணித்திரை, தெர்மோகோல் எழுத்து, சுற்றிலும் சீரியல் செட், மூடின ஏசி ஹால். அந்த இடத்துக்கு எட்டு நிமிடம் கொடுக்க மனசு வரவில்லை. நாலு நிமிடம் என்று வைத்தால் 700 பேர். இரண்டரை நிமிடம் என்றால் 450 பேருக்குள். போர்டில் இருக்கிற ஆயிரம் என்பது எத்தனை நாற்காலி போடலாம் என்கிற எண், எத்தனை பேர் உயிரோடு இறங்கலாம் என்கிற எண் அல்ல. இரண்டும் ஒன்று என்று நான் இத்தனை நாளாக நம்பியிருந்தேன்.

மாடி, பந்தல், கல்யாணம் என்றதும் திருச்சி மாவட்டத்துக்காரர்களுக்கு ஸ்ரீரங்கம் ஞாபகம் வரும். 2004 ஜனவரி 23, முகூர்த்த நேரம், மண்டபத்தின் மாடியில் போட்டிருந்த கீற்றுப் பந்தலில் தீ. மணமகன் உட்பட 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே வருஷம் ஜூலை 16 கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள். இரண்டுக்கும் பிறகு கீற்றுக்கு எல்லோரும் பயந்தோம், நல்லதுதான். ஆனால் கீற்றின் இடத்தில் நாம் கொண்டுவந்தது பாலியஸ்டர் துணி. 1995 டிசம்பர் 23 அன்று ஹரியானாவில் மண்டி டப்வாலி என்ற ஊரில் ஒரு பள்ளியின் ஆண்டு விழா, கல்யாண மண்டபத்தில், செயற்கை இழைத் துணிக் கூடாரத்துக்குக் கீழே. தீப்பிடித்து 400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலும் பிள்ளைகளும் அம்மாக்களும். கீற்று எரிந்தால் சாம்பல் விழும், அந்தத் துணி எரிந்தால் உருகித் தலையில் சொட்டும். நம் ஊர் மேடை அலங்காரத்தில் இன்றைக்குத் தொங்குவதெல்லாம் அந்த வகைத் துணிதான்.

சரி, மண்டபத்துக்கு 700 பேருக்கு மட்டும் டோக்கன் கொடுத்தால்? இதுதான் பையன்களின் அடுத்த வாதம், நல்ல வாதமும்கூட. கதவு இருக்கிறது, எண்ணி விடலாம், நிரம்பினால் மூடலாம். ஆனால் இலவச விழா, சுற்றிலும் பதினைந்து கிராமம், எல்லோருக்கும் பழக்கமான தேதி. 700 பேர் உள்ளே இருப்பார்கள், ஆயிரத்து எண்ணூறு பேர் கேட்டுக்கு வெளியே பைபாஸ் ரோட்டில் நிற்பார்கள். பெங்களூரு சின்னசாமி ஸ்டேடியத்தில் 2025 ஜூன் 4 அன்று இறந்த 11 பேரும் உள்ளே நடந்த கொண்டாட்டத்தில் சாகவில்லை, வாசலில் செத்தார்கள். மண்டபம் கூட்டத்தைக் குறைக்காது, வாசலுக்கு மாற்றும். அந்த வாசலுக்கு எதிரே லாரி போகிறது. ஆக மண்டபம் என்றால் விழாவே வேறு விழாவாக வேண்டும், அழைப்பிதழ் வைத்து, உறுப்பினர் குடும்பங்களுக்கு மட்டும். அது ஊர்ப் பொங்கல் இல்லை, சங்க ஆண்டு விழா. அப்படித்தான் வேண்டும் என்று முடிவெடுத்தால் மண்டபம் மோசமில்லை: அண்டாவையும் மேசையையும் அப்புறப்படுத்தி, பின்படிக்கட்டிலிருந்து சமையலறைக்குள் போகாமல் வெளியே இறங்க வழி செய்து, தெர்மோகோலைத் தூக்கிப் போட்டுவிட்டு நடத்தலாம்.

மூன்றாவது பள்ளி மைதானம். முன்வாசல் 4 மீட்டர். திடல் சுமாராக 90-க்கு 60 மீட்டர், அதாவது 5,400 சதுர மீட்டர். மேடை, கழிப்பறைப் பக்கம், மரத்தடி எல்லாம் கழித்தாலும் 2,500 பேருக்கு நெரிசல் என்ற பேச்சே இல்லை. மேலே கம்பி இல்லை. வாடகை இல்லை, தலைமையாசிரியர் வழியாக மேலே அனுமதி வாங்க வேண்டும், அது அலைச்சல். பொங்கல் விடுமுறை என்பதால் பிள்ளைகளுக்கும் தொந்தரவில்லை.

குறை இல்லாமல் இல்லை. முதல் குறை தரை. களிமண். மார்கழியில் மழை பிந்திப் பெய்தால் தையிலும் கால் புதையும், ஈரத்தரையில் ஒயர் ஓடுவது மாதிரி மோசம் வேறில்லை. இரண்டாவது, சுற்றிலும் ஏழடி மதில். உள்ளே எவ்வளவு இடம் இருந்தாலும் வெளியே போவது வாசல் வழியாகத்தான். நாலு மீட்டர் வாசலில் நிமிடத்துக்கு 328 பேர், எட்டு நிமிடத்தில் 2,600 பேர், பார்த்தால் போதும்போலத் தெரிகிறது. ஆனால் பிரச்சினை வாசல் பக்கமே வந்தால்? ஜெனரேட்டர் வண்டியை வழக்கமாக வாசல் ஓரம்தான் நிறுத்துவார்கள், அது தீப்பிடித்தால் என்ன செய்வது? அதனால் உள்ளதிலேயே பெரிய வழி அடைபட்டுவிட்டது என்று வைத்துக்கொண்டு மீதியை எண்ண வேண்டும் என்பது நான் கற்றுக்கொண்ட பாடம். பெரிய வழியைக் கழித்தால் மைதானத்தில் மிச்சம் பூஜ்யம். மேற்கு மதிலில் ஒரு பின்கேட் உண்டு, நான் படித்த காலத்தில் அது வழியாகத்தான் தப்பித்து ஓடுவோம், இப்போது பூட்டிப் பல வருஷம் ஆகிறது. அது திறந்தால்தான் மைதானம் ஒரு தேர்வு.

மூன்று இடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு நோட்டில் மதிப்பெண் போட்டோம். எல்லோரும் சொல்லித் தருகிற முறைதான், நடக்க வாய்ப்பு ஒன்றிலிருந்து ஐந்து, நடந்தால் பாதிப்பு ஒன்றிலிருந்து ஐந்து, பெருக்கி, எல்லா ஆபத்தையும் கூட்டிப் பார்ப்பது. கூட்டினால் வேடிக்கை: தேரடிக்கும் மைதானத்துக்கும் இரண்டு புள்ளிதான் வித்தியாசம்! ஏனென்றால் மைதானத்தில் சின்னச் சின்னதாக நிறைய இருக்கிறது, பாம்பு, சேறு, பனி, இருட்டு மூலை, தூரம், கழிப்பறை. தேரடியில் அதெல்லாம் இல்லை, நெரிசல் என்ற ஒன்று மட்டும் இருபதில் நிற்கிறது. பெரியவர்கள் உடனே "பாத்தீங்களா, ரெண்டும் ஒண்ணுதான்" என்றார்கள். எனக்கு அந்தக் கூட்டல் பிடிக்கவில்லை. சேற்றில் வழுக்கி விழுகிற பத்துப் பேரையும் மூச்சு முட்டிச் சாகிற ஒருவரையும் ஒரே நெடுவரிசையில் வைத்து மொத்தம் போட முடியாது. மொத்தத்தை அடித்துவிட்டு, ஒவ்வொரு இடத்திலும் மிகப் பெரிய எண் எது, அதை நம் கையிலிருக்கிற காசுக்கும் ஆளுக்கும் குறைக்க முடியுமா என்று மட்டும் பார்த்தோம். தேரடியின் இருபதைக் குறைக்கத் தெருவை அகலப்படுத்த வேண்டும். மண்டபத்தின் பெரிய எண்ணைக் குறைக்கக் கட்டடத்தை இடிக்க வேண்டும் அல்லது ஊரை வராதே என்று சொல்ல வேண்டும். மைதானத்தின் பெரிய எண்ணைக் குறைக்க ஒரு பூட்டைத் திறக்க வேண்டும்.

ஆக மைதானம். இப்படி முடிவானதும் அடுத்த சண்டை ஆரம்பித்தது, கூரை போடுவதா வேண்டாமா என்று.

தைப் பனி தரையைத் துளைக்கும் என்று சும்மாவா சொன்னார்கள். எட்டு மணிக்கு மேல் வெட்டவெளியில் வயசானவர்கள் உட்கார முடியாது. பந்தல்காரர் திடல் முழுக்கத் துணிப்பந்தல் போட்டு, கீழே சீலிங் துணி கட்டி, அறுபதாயிரத்துக்கு முடித்துத் தருகிறேன் என்றார், பார்க்கவும் அழகாகத்தான் இருக்கும். ஆனால் திறந்த மைதானத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு அதன் மேல் எரிகிற கூரையைப் போடுவது என்றால் மண்டபத்தையே எடுத்திருக்கலாமே. 1997 ஜூன் 7 அன்று தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கில் யாகசாலைப் பந்தல் எரிந்து 40-க்கும் மேற்பட்டோர் இறந்தபோது அந்தக் கோயில் வளாகத்தில் இடத்துக்கா குறைவு? கடைசியில் ஒத்துக்கொண்டது இது: பெரியவர்களும் கைக்குழந்தைக்காரர்களும் உட்கார 300 நாற்காலிக்கு மட்டும் தகரப் பந்தல், நாலு பக்கமும் திறந்தபடி, சீலிங் துணி கிடையாது. மற்றவர்கள் வானத்துக்குக் கீழே, மப்ளர் கட்டிக்கொண்டு. தகரமும் இரும்புக் குழாயும் எரியாது, ஆனால் ஒயர் உரசினால் பந்தல் முழுக்கக் கரண்ட் பாயும். அதனால் குழாய்க்கு எர்த் போட வேண்டும், போர்டில் 30 மில்லி ஆம்பியர் கரண்ட் கசிந்தாலே தானாக விழுந்து இணைப்பைத் துண்டிக்கிற கசிவுத் தடுப்பு பிரேக்கர் இருக்க வேண்டும். எங்கள் வயர்மேன் அண்ணனிடம் இதைச் சொன்னபோது "அது அடிக்கடி விழுந்து கச்சேரிய கெடுக்கும் தம்பி, அதனாலதான் யாரும் போடறதில்ல" என்றார். அடிக்கடி விழுகிறது என்றால் அடிக்கடி கசிகிறது என்று அர்த்தம் அண்ணே என்றேன். சிரித்துவிட்டு ஒத்துக்கொண்டார்.

இடத்தைவிட நிகழ்ச்சி வரிசைதான் கூட்டத்தை அதிகம் ஆட்டிவைக்கிறது என்று இப்போது தோன்றுகிறது. டிவியில் பாடுகிற ஒரு பையனை இந்த முறை கூப்பிடலாம் என்று பேச்சு. கூப்பிட்டால் 3,500 பேர் வருவார்கள், பாதிப் பேர் மேடைக்கு முன்னால் போனைத் தூக்கிக்கொண்டு நெருக்குவார்கள். நான் வேண்டாம் என்றேன், தோற்றேன். சரி, வரட்டும், ஆனால் கடைசியில் வேண்டாம், நடுவில் எட்டு மணிக்குப் பாடட்டும், பட்டிமன்றம் கடைசியில். பிரபலத்தைக் கடைசியில் வைத்தால் அத்தனை பேரும் ஒரே நிமிடத்தில் எழுந்து ஒரே வாசலுக்குப் போவார்கள். நடுவில் வைத்தால் பாட்டு முடிந்ததும் ஒரு கூட்டம் போகும், பிள்ளைகள் தூங்கத் தொடங்கியதும் இன்னொரு கூட்டம் போகும், கடைசியில் நடுவர் தீர்ப்பு சொல்லும்போது உண்மையான பட்டிமன்றப் பிரியர்கள் 400 பேர் இருப்பார்கள். மெரினாவில் 2024 அக்டோபர் 6 விமானப்படை சாகசத்துக்கு லட்சக்கணக்கில் வந்தவர்கள் காலையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வந்தார்கள், முடிந்ததும் ஒரே மூச்சில் கிளம்பினார்கள். வெயில், தண்ணீர் இல்லை, நகர வழியில்லை, அன்று 5 பேர் இறந்தார்கள். வருவதற்கு மூன்று மணி நேரம், போவதற்கு மூன்று நிமிடம், எந்தக் கூட்டத்துக்கும் இதுதான் வழக்கம். வர முடியாதவர்களுக்கு ஊர்க் கேபிளில் நேரலை, அதற்குக் கேபிள்காரர் சம்மதித்துவிட்டார்.

சவுக்குக்கட்டைத் தடுப்பு போடுவதைப் பற்றி ஒரு வார்த்தை. அரசியல் கூட்டத்தில் போடுகிற மாதிரி பெட்டி பெட்டியாக அடைத்துவிடுவார்கள், ஒழுங்காக இருக்கும் என்று நினைத்து. மேடைக்கு முன்னால் ஒரு வரிசை போதும், அதுவும் நடுநடுவே ஆள் புகுந்து வெளியேற இடைவெளியோடு. நாற்காலிகளை நாலு நாலாகக் காலோடு கயிறு போட்டுக் கட்டச் சொல்லியிருக்கிறோம், இல்லையென்றால் ஓட்டத்தில் சிதறிக் காலில் மாட்டுவது அந்தப் பிளாஸ்டிக் நாற்காலிதான்.

ஜெனரேட்டர் மைதானத்தின் வடக்கு மூலைக்குப் போகிறது, இரண்டு வாசலுக்கும் தள்ளி. டீசல் கேன் அதன் பக்கத்தில் இருக்கக் கூடாது. பேட்டரி மெகாபோன் இரண்டு, ஏனென்றால் கரண்ட் போனால் முதலில் ஊமையாவது மைக்செட், மனிதக் குரல் மிகவும் தேவைப்படுகிற நேரமும் அதுதான். போன வருஷம் அந்த நாலைந்து நிமிடத்தில் மேடையிலிருந்து ஒருவர் "ஒண்ணுமில்ல, கரண்ட்தான் போயிருக்கு, உக்காருங்க" என்று சத்தமாகச் சொல்லியிருந்தால் அத்தை விழுந்திருக்க மாட்டார். தீயணைப்பு வண்டி மன்னார்குடியிலிருந்து வர வேண்டும், அதுவரை நாம்தான். அதனால் தீயணைப்பான் எட்டு, அதை இயக்கத் தெரிந்த ஆட்கள் எட்டு. ஆட்கள் இல்லாமல் சிலிண்டர் மட்டும் மாட்டி வைப்பது திருஷ்டிப் பூசணிக்காய் மாதிரி.

இதில் நீண்ட நேரம் பேசியது, நிறுத்தச் சொல்லும் அதிகாரம் யாருக்கு என்பது. தலைவருக்கு என்றார்கள். தலைவர் மேடையில் பொன்னாடை வாங்கிக்கொண்டு இருப்பார், மேடையிலிருந்து பார்த்தால் எதிரே விளக்குக் கூச்சத்தில் ஒன்றும் தெரியாது, கூட்டம் ஜேஜே என்று இருப்பதாகத்தான் தோன்றும். எங்கள் ஊரில் ஓய்வுபெற்ற ஒரு ஹெட் கான்ஸ்டபிள் மாமா இருக்கிறார், திருவிழா பந்தோபஸ்து நிறையப் பார்த்தவர். அவர் பள்ளிக்கட்டட மாடியிலிருந்து பார்ப்பார், அவர் விசில் கொடுத்தால் பாட்டு பாதியில் நிற்கும், பாடகர் யாராக இருந்தாலும். வாசலை மூடச் சொல்வதும் அவர்தான். தலைவர் கொஞ்சம் முகம் சுளித்தார், ஆனால் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டோம்.

எத்தனை பேரில் மூட வேண்டும் என்பதற்கு அந்தப் பின்கேட்தான் பதில் சொல்ல வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை மண்ணெண்ணெயும் சுத்தியலுமாகப் போனோம். தலைமையாசிரியர் சாவிக்கொத்தைக் கொடுத்தார், எந்தச் சாவியும் சேரவில்லை, அவர் அனுமதியோடு பூட்டை உடைத்தோம். கேட் அகலம் 2.9 மீட்டர். முன்வாசல் அடைபட்டாலும் எட்டு நிமிடத்தில் இது வழியாக 1,900 பேர் போகலாம், அதனால் 1,900 ஆனதும் முன்வாசலை மூடுவது என்று எழுதினோம். கேட்டைத் தள்ளித் திறந்து பார்த்தால் எதிரே வாய்க்கால், ஒன்றரை மீட்டர் அகலம், இரண்டு பனங்கட்டை குறுக்கே கிடக்கிறது, ஆடு போகும் அளவுக்கு. முழு அகலத்துக்கும் பலகைப் பாலம் போட்டு, இருபுறமும் கைப்பிடி கட்டி, மேலே டியூப்லைட் போட வேண்டும். நீர்வளத்துறை ஆபீசில் மனு கொடுத்திருக்கிறோம். தச்சர் பதினெட்டாயிரம் சொல்கிறார், டிவி பாடகருக்குக் கொடுப்பதில் கால்வாசி. பொருளாளர் இன்னும் தலையாட்டவில்லை. "நம்ம தேரடி எத்தனை அடி அகலம்?" என்று கேட்ட அதே பொருளாளர்தான்.